சுவாமிமலையில் வேலையும் வீடும்

கும்பகோணத்துக்கு மேற்கே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், காவிரிக் கரையில் இருக்கிறது சுவாமிமலை. அறுபடை வீடுகளில் நான்காவதாக எண்ணப்படும் முருகன் கோயில், ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகள், ஊரைச் சுற்றிலும் நெல் வயல் ஆகிய இந்த மூன்றும்தான் ஊரின் பிழைப்பு. இவை போதாதபோது கும்பகோணத்துக் கடைவீதி, அதற்கப்பால் திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள் என்று ஆட்கள் வேலை தேடிப் புறப்படுகிறார்கள். வேலை தேடுவதும், கிடைத்த வேலையோடு வீட்டு வாழ்வைப் பொருத்திக்கொள்வதும் இரண்டு தனிச் சிக்கல்களாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. நெல் விளையும் இந்தப் பகுதியில் அவற்றைப் பிரிக்க முடியாது. வேலை எந்த மாதத்தில் வரும், எவ்வளவு தூரத்தில் கிடைக்கும், வேலைக்குப் போனவரின் வீட்டுப் பொறுப்பை யார் ஏற்பார் என்ற மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் நிம்மதி அமைகிறது.

ஆற்றை நம்பிய வேலை

காவிரிப் படுகையில் வேலைக்கான நாட்காட்டி மேட்டூரில் தொடங்குகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஆண்டுதோறும் ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறப்பது மரபு. அன்று தண்ணீர் விட்டால் குறுவை உண்டு. நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று புரட்டாசி, ஐப்பசி வரை வேலை தொடரும். சம்பா ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் அறுப்புக்கு வரும். குறுவை அறுத்த வயலில் மறுபடி நடுவது தாளடி. சம்பா, தாளடி அறுப்புக்குச் சில நாட்கள் முன்பாகவே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அதையும் எடுத்துவிட்டால் சித்திரை, வைகாசியில் வயலில் ஆளுக்கு வேலை இல்லை.

இந்த ஒழுங்கு பலமுறை குலைந்திருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. 2020இல்தான் பழைய நாளில் மதகு உயர்ந்தது. 2024இல் ஜூலைக் கடைசியில் திறந்தார்கள். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. காவிரி நீர் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் ஆண்டு மொத்தம் எவ்வளவு என்பதைவிட எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது என்பதே கூலிக்காரர் வீட்டு அடுப்பைப் பாதிக்கிறது. குறுவை தவறினால் நிலம் உள்ளவருக்கு ஒரு போகம் போகிறது. நிலமில்லாதவருக்கு மூன்று மாதக் கூலி போகிறது. பள்ளிக்கூடம் திறந்து நோட்டு, சீருடை, கட்டணம் என்று செலவு வரும் மாதங்களும் அவையே.

வேலை இருக்கும் காலத்தில் நேரம் இருப்பதில்லை. நடவுக்குப் போகும் பெண் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் சோறாக்கி வைத்து, தூக்குவாளியில் தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வெயில் ஏறுவதற்குள் நாற்று முடிகளைப் பிரித்து, கணுக்கால் சேற்றில் குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து நட வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டமாக நடும்போது ஒருவர் நின்றால் எல்லாருக்கும் தாமதம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ஒரு நாள் நின்றுகொள்ள நினைப்பவர் கூலியோடு கூட்டத்திலுள்ள இடத்தையும் இழக்க நேரலாம்.

வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற கோரிக்கை இந்த மண்ணுக்குப் புதிதன்று. பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் முறை நிலவிய காலத்தில், விடியலிலிருந்து இருட்டும்வரை உழைத்த குடும்பத்துக்கு வேறு வேலை தேடும் உரிமையே நடைமுறையில் கிடையாது. கடனும் குடிசை மனையும் அவர்களை ஒரே மிராசுதாரிடம் கட்டிப்போட்டன. 1940களில் பி. சீனிவாசராவ், மணலி கந்தசாமி, களப்பால் குப்பு முதலியோர் வளர்த்த விவசாயிகள் இயக்கம் கூலியோடு மரியாதையையும் கேட்டது. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கீழ்வெண்மணியில் 1968இல் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1969இல் கீழத்தஞ்சைப் பகுதிக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. விரும்பிய இடத்தில் வேலை தேடலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் பலர் அதற்காகச் சிறைக்கும் சாவுக்கும் துணிந்திருக்கிறார்கள்.

இப்போது அறுப்பு பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. நடவுக்கும் இயந்திரம் வருகிறது. வட மாநில ஆட்களும் படுகைக்கு நடவுக்கு வருகிறார்கள். உள்ளூர் இளைஞர் வயலை விட்டு விலகுவதும், வயலில் ஆள் வேலை குறைவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இந்த இடைவெளியில் கைகொடுக்க வந்தது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நூறு நாள் வேலை. அச்சட்டத்தில் வீட்டை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் இருந்தன. வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் தரப்பட வேண்டும், அதைத் தாண்டினால் 10 விழுக்காடு கூடுதல் கூலி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் பெண்களாக இருந்ததற்குப் பக்கத்தில் வேலை என்பதே முதன்மைக் காரணம். ஆனால் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு உரியதாக இருந்தது. சுவாமிமலை பேரூராட்சி. சுற்றியுள்ள கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை ஊருக்குள் குடியிருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

பட்டறையே வீடாக இருப்பது

சுவாமிமலையின் இன்னொரு பிழைப்பு முற்றிலும் வேறு வகையானது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டியபோது வந்த சிற்பிகளான ஸ்தபதிகளின் வழியினர் இங்கே தங்கிவிட்டார்கள் என்பது ஊரின் மரபுச் செய்தி. காவிரியின் மெல்லிய வண்டல் மண் வார்ப்புக்கு உகந்தது என்பதே அவர்கள் தங்கியதற்குச் சொல்லப்படும் காரணம்.

வேலையின் நடை மெதுவானது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கி, சிலையின் உடல், கை, ஆயுதம், அணிகலன் எல்லாவற்றையும் மெழுகில் செய்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலைக் கீற்று போதும். சிலையின் உயரத்துக்கு வெட்டிய கீற்றைத் தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்தால் முகம், மார்பு, தொடை எங்கே முடிய வேண்டும் என்று மடிப்பே சொல்லிவிடும். மெழுகு உருவின்மேல் முதலில் சலித்த வண்டலைக் குழைத்து மெல்லியதாகப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். அதன்மேல் கனமான மண், பெரிய சிலையானால் இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். அச்சு ஒரே முறைக்குத்தான். உளியும் அரமும் கொண்டு நுணுக்க வேலை முடித்து, கடைசியில் கண் திறக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காய நாளாகும். அதை அவசரப்படுத்தினால் அச்சு வெடிக்கும்.

பட்டறை வீட்டோடு ஒட்டியிருப்பதில் பெரிய வசதி உண்டு. போக வர நேரமில்லை. மதியம் வீட்டுச் சோறு. பிள்ளைகள் தந்தையின் கண் முன்னாலேயே வளர்கிறார்கள். ஆனால் வேலை முடிந்து வீடு திரும்புவது என்ற ஒன்றே அங்கு இல்லை. சிலை கேட்டவர் இரவிலும் வருவார். உலையும் புகையும் வாசலிலேயே இருக்கும். வேலையாட்களுக்குத் தேநீரும் சாப்பாடும், வந்து போகிறவர்களைக் கவனிப்பதும், கொடுக்கல் வாங்கலை நினைவில் வைப்பதும் வீட்டுப் பெண்கள்மேல் விழுகின்றன. அந்த உழைப்பு சிலையின் விலையில் கணக்கிடப்படுவதில்லை.

பட்டறைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. குடமுழுக்கு நாள் குறித்துவிட்டால் அதை ஸ்தபதிக்காகத் தள்ளிப்போட மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் சுப காரியம் தவிர்க்கப்படுவதால், மற்ற மாதங்களின் முகூர்த்தங்களுக்கு முன்னால் இரவு பகல் பாராத வேலை நெருக்குகிறது. நாள் கடந்ததும் கை ஓய்கிறது. சொந்தப் பட்டறை வைத்திருப்பவர் அந்த இடைவெளியைச் சேமிப்பால் தாண்டலாம். வேலைக்கு இவ்வளவு என்று பேசி அரம் பிடிப்பவருக்கு அது முடிவதில்லை. தாமிர விலை ஏறும்போது சிலை கேட்பவர் தயங்கினால் முதலில் நிற்பது அவருடைய கூலிதான்.

தொழிலுக்கு வெளியுலகின் மதிப்பு குறையவில்லை. சுவாமிமலை வெண்கலச் சிலைகள் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. 1973இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமாகிய பூம்புகாருக்கு இங்கே உற்பத்தி நிலையம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் டெல்லி பாரத் மண்டபத்தில் ஜி20 மாநாட்டுக்காக நிறுவப்பட்ட 27 அடி உயர, சுமார் 18 டன் எடையுள்ள நடராசர் சிலை, தேவசேனாபதி ஸ்தபதியின் மைந்தர்களான இராதாகிருஷ்ணன், ஸ்ரீகண்டன், சுவாமிநாதன் ஆகியோரின் பட்டறையில் உருவானது. எனினும் ஒரு பெரிய ஆணை ஒரு பட்டறையை உயர்த்தும். ஊரிலுள்ள எல்லாப் பட்டறைகளுக்கும் ஆண்டு முழுதும் வேலை இருக்க, சிறிய சிலைகளுக்கான சந்தை ஓயாமல் நடக்க வேண்டும்.

குலத்தொழிலா, தேர்ந்த தொழிலா

பட்டறையில் பிறந்த பிள்ளை வேலை தேட வேண்டியதில்லை என்று தோன்றலாம். அந்த வசதிக்குள்ளேயே ஒரு கட்டாயமும் இருக்கிறது. 1953இல் இராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தபோது, அது குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டது. அதே வாதம் அண்மையில் மீண்டும் எழுந்தது. 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம் 18 கைத்தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தந்தது. அதில் குறைந்தபட்ச வயது 18 என்பதும், பரம்பரையாகத் தொழில் செய்யும் குடும்பமாக இருக்க வேண்டும் என்பதும் பிள்ளைகளை உயர்கல்வியிலிருந்து திருப்பிவிடும் என்று தமிழ்நாடு அரசு மறுத்தது. அதற்கு மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டம், 25 தொழில்களுக்கு, குடும்ப மரபு பாராமல், 35 வயது நிறைந்தவர்களுக்கு என்று வகுக்கப்பட்டது.

இரு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. மெழுகில் விரல் பழகுவதற்கு இளமை வேண்டும் என்பது ஸ்தபதிகளின் அனுபவம். பதினெட்டு வயதில் பிள்ளையின் வழி முடிவாகிவிடக் கூடாது என்பது பெற்றோரின் கவலை. இரண்டையும் இணைக்கும் வழியை 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு நிறுவனம் காட்டியது. இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கும் அங்கே, எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் உலோகச் சிற்பத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். பட்டறைப் பிள்ளைக்கு அது கையில் ஒரு சான்றிதழைத் தருகிறது. பட்டறை ஓய்ந்தாலும் ஆசிரியப் பணிக்கோ அரசுத் துறைக்கோ விண்ணப்பிக்கலாம். தொழிலைத் தொடர்வதானாலும், வேறு வழி இருந்தும் இதைத் தேர்ந்தேன் என்ற நிறைவு அவருக்கு இருக்கும்.

தெரிந்தவரும் தேர்வும்

பட்டறைக்கும் வயலுக்கும் வெளியே வேலை தேடுவோருக்கு நெடுங்காலம் இருந்த வழி தெரிந்தவர் சொல்தான். அதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு கும்பகோணத்திலேயே உண்டு. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், கல்லூரித் தேர்வில் தவறி, 1909இல் திருமணமான பின் வேலைக்காக அலைந்தார். 1910இல் கணக்குக் குறிப்பேடுகளோடு திருக்கோவிலூருக்குப் போய்த் துணை ஆட்சியர் வி. இராமசாமி அய்யரைப் பார்த்தார். அவர் தந்த அறிமுகம் கணிதப் பேராசிரியர் சேஷு அய்யரிடமும், பிறகு நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடமும் கொண்டுசேர்த்தது. ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் தந்து தாங்கினார். 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்து, மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் ஆனார். அலுவலக வேலை முடிந்த நேரத்தில்தான் கணக்கு. மேலதிகாரிகளான நாராயண அய்யரும் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அந்த நேரத்தை மதித்தார்கள். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் ஆய்வுதவி தந்தது. அறிமுகம் கிடைத்ததால் ஒரு மேதை தப்பினார். அறிமுகம் கிடைக்காதவர்களைப் பற்றி வரலாற்றில் எழுத ஆளில்லை.

அந்த அநீதியைக் குறைக்கவே வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வந்தன. காலியிடங்களை அவற்றுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் ஆனது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, பதிவு மூப்புப்படி அழைப்பாணைக்குக் காத்திருப்பது ஒரு தலைமுறையின் வழக்கமாக இருந்தது. பதிந்தவர்களை மட்டும் அழைத்தால் போதாது, பொதுவில் விளம்பரமும் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பிறகு மூப்பின் வலு குறைந்தது. பதிந்து ஐந்தாண்டு காத்திருப்போருக்கான உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300 ரூபாய் என்ற அளவில் இருந்தது. அது விண்ணப்பம், பேருந்து, நகல் செலவுக்கே சரியாகிவிடும். இந்த அலுவலகங்கள் நடத்தும் இலவசத் தன்னார்வப் பயிலும் வட்டங்கள்தான் இப்போது கூடுதல் பயன் தருகின்றன. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட இயலாதவர்களுக்கு அவை பெரிய துணை.

இன்றைய தேடலின் மையம் அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. 2022 ஜூலை 24 அன்று நடந்த தொகுதி 4 தேர்வுக்கு, முதலில் அறிவித்த 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். இத்தனை பேர் இந்த வேலைக்குப் போட்டியிடுவது சம்பளத்துக்காக மட்டும் அல்ல. மாதம் பிறந்தால் பணம், விடுப்பு, பேறுகால விடுப்பு என்று, வயலும் பட்டறையும் தர முடியாத எல்லாவற்றையும் அது ஒருசேரத் தருகிறது. ஆனால் அதற்குத் தயாராகும் ஆண்டுகளுக்கும் விலை உண்டு. இருபத்திரண்டில் தொடங்கியவர் முப்பதை நெருங்கும்போது வீட்டில் திருமணப் பேச்சு எழுகிறது. ஆணுக்கு ‘வேலை கிடைக்கட்டும்’ என்று காத்திருக்கும் வீடு, பெண்ணுக்கு அப்படிக் காத்திருப்பது குறைவு. ஆகவே எத்தனை முறை எழுதுவது, அதுவரை எந்த வருமானத்தில் நிற்பது என்று முன்னமே முடிவு செய்துகொள்வதும் தேடலின் ஒரு பகுதி.

ஊரை விட்டுப் போவது

தூரத்து வேலைக்குக் கூலி அதிகம். திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் சென்னையைச் சுற்றிய ஆலைகளும் ஓவர்டைமோடு சேர்த்து உள்ளூரைவிடக் கூடுதலாகத் தருகின்றன. வளைகுடாவும் சிங்கப்பூரும் அதற்கு மேல். கணக்கு அங்கே முடிவதில்லை. அறை வாடகை, சாப்பாடு, தீபாவளி பொங்கலுக்கு ஊர் வந்து போகும் செலவு, வயதான பெற்றோரைப் பார்க்க ஆளில்லாத கவலை ஆகியவற்றைக் கழித்த பிறகே உண்மையான வருமானம் தெரியும். எடுத்துக்காட்டாக, கும்பகோணத்தில் 13,000 ரூபாய், திருப்பூரில் 19,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 6,000 ரூபாய் போனாலே இரண்டும் சமம். அதற்குமேல் மிஞ்சுவதற்குத்தான் குடும்பம் பிரிந்திருப்பதன் விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வெளிநாடு போவோர் விழிப்பாக இருக்க வேண்டிய இடங்கள் தெளிவானவை. 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி ஆளெடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. வயலை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கட்டுபவர் அங்கே போய் முதலாண்டு முழுதும் கடனுக்கே உழைக்கிறார். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, மீட்கப்பட்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். வேலை தருகிறவர் யார், எந்த விசா, ஒப்பந்தத்தில் என்ன சம்பளம் என்ற மூன்றும் எழுத்தில் இல்லாத வேலைக்குப் பயணச்சீட்டு எடுக்கக் கூடாது.

வீட்டுக்குள் நடக்கும் வேலை

வேலை எங்கே இருந்தாலும் வீட்டு வேலை வீட்டில்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடங்களும், அப்படி ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தைச் சமையல், துவைப்பு, துப்புரவில் கழித்த பிறகு வேலை தேடவும் தேர்வுக்குப் படிக்கவும் ஒரு பெண்ணுக்கு மிஞ்சுவது இரவுதான்.

சட்டங்கள் ஓரளவு துணை நிற்கின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிட்ட தமிழ்நாட்டுத் திருத்த மசோதா, 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. 2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். கடையில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. கும்பகோணத்து ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அது நேரடியாகப் பொருந்தும். நடவுக் கூட்டத்துக்கும், நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் பேறுகால விடுப்போ காப்பகமோ எட்டுவதில்லை. படுகையில் பெரும்பாலோர் இருப்பது அந்த எட்டாத பக்கத்தில்தான்.

ஆகவே இங்கே பயன் அதிகம் தந்தவை நிறுவனத்தைச் சாராமல் ஆளை நேரடியாகச் சேர்ந்த ஏற்பாடுகள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சுவாமிமலையிலிருந்து கும்பகோணம் கடைவீதிக்குப் போய் வரும் பெண்ணின் சம்பளத்தில் பேருந்துக்குப் போனது இப்போது வீட்டுக்கு வருகிறது. அரசு தொடக்கப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் நாகை மாவட்டம் திருக்குவளையில் தொடங்கிவைக்கப்பட்டு மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. விடிகாலை வயலுக்குப் போகும் தாய் பிள்ளை சாப்பிட்டானா என்று சேற்றில் நின்று கவலைப்பட வேண்டியதில்லை. அங்கன்வாடி, நடவு நேரத்துக்கு ஏற்ப விடியலிலேயே திறந்து மாலைவரை நடந்தால் அடுத்த பெரிய உதவி அதுவே.

தனி மனிதரின் சாமர்த்தியத்தால் நிரப்ப முடியாத இடைவெளிகள் சில உண்டு. தண்ணீர் குறித்த நாளில் வருவது, பட்டறைக்கு ஓய்ந்த மாதங்களிலும் சிறு ஆணைகள் கிடைப்பது, பேரூராட்சிக்குள்ளும் வேலை உறுதி இருப்பது ஆகியவை அரசும் சந்தையும் செய்ய வேண்டியவை. குடும்பம் செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேலைக்குப் போகிற பெண் வீட்டிலும் முழு வேலை பார்க்கும்வரை, வருமானம் இரண்டாகுமே தவிர நிம்மதி இரண்டாகாது. மாலையில் முதலில் வீடு திரும்புகிறவர் அடுப்பைப் பற்றவைப்பது என்று வழக்கமானால், தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கும் நடவிலிருந்து வந்த தாய்க்கும் நாளில் ஒரு மணி நேரமாவது சொந்தமாகும்.